தொடங்கும் வகுப்பு

அடி விழும் முன்பே அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

விழுந்தது. தோளில். பட்டறையில் தகடு அளக்கிற இரும்பு ஸ்கேல்.

"ஏழாவது படிக்கறவளுக்கு நாலாவதாமா! பள்ளிக்கூடத்துல போயி என்னத்தப் புடுங்கறே?"

மடிக்கணினித் திரையில் பச்சை எழுத்து மிகப் பணிவாகச் சொன்னது. நீங்கள் நான்காம் வகுப்பிலிருந்து தொடங்கலாம்.

இணையத்தில் கணக்குப் பாடம். அவரவர் வேகத்தில் படிக்கலாம். எங்கிருந்து சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்துகொள்ள முதலில் ஒரு சோதனை வைப்பார்கள். இது தேர்வு அல்ல என்று தடித்த எழுத்தில் போட்டும் இருந்தார்கள்.

அப்பா அதையெல்லாம் படிக்கிற ஆளில்லை. எண் என்றால் மார்க். மார்க் குறைந்தால் அடி.

காலையில் முதல் தடவை ஆறாம் வகுப்பு வந்தது. கன்னத்தில் ஓர் அறை. இரண்டாம் தடவை ஐந்து. ஸ்கேல் வந்தது. குறுக்கே வந்த அம்மாவின் முழங்கையிலும் பட்டது. அம்மா இப்போது சமையலறைக் குழாயில் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு கேட்டால் எண்கள் நகர்ந்துவிடுகின்றன.

எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழுதலாம்.

அந்த வரியை எழுதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்கள். அவர்கள் நாசமாய்ப் போக வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

ஏழாம் வகுப்பு என்று வரும்வரை அப்பா விடமாட்டார்.

நான்காம் தடவை. முதல் கேள்வியிலேயே விரல் தயங்கியது. ஜடையைப் பிடித்து நாற்காலியிலிருந்து இழுத்துப் போட்டார். முட்டி தரையில் இடித்தது.

"எந்திரிச்சு நில்லு. நான் போட்டுக் காட்டறேன். பாத்துக்க."

உட்கார்ந்தார்.

முதல் இரண்டும் மளமளவென்று போயின. லாரிக்குப் பாடி கட்டுகிறவர். காலங்குலமும் அரையங்குலமும் விரல் நுனியில் இருக்கும்.

மூன்றாவதில் நின்றார்.

உதடு அசைய அசைய வாசித்தார். மறுபடியும் வாசித்தார். விரல் விட்டு எண்ண இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஸ்கேலை மேசை மேல் வைத்தார்.

மின்விசிறி ஓடியும் சட்டை முதுகோடு ஒட்டியது.

அவள் பின்னால் நின்று பார்த்தாள். இரண்டு விடை அவளுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

இருபத்தைந்தாவது கேள்வி முடிந்தது.

நீங்கள் மூன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கலாம்.

சமையலறையில் குழாய் நின்றது.

அவர் திரும்பவில்லை.

அவளுக்குச் சந்தோஷம் பொங்கி வந்தது. வெட்கமே இல்லாத சந்தோஷம். நன்றாக வேண்டும், நன்றாக வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் குதித்தது.

மவுஸுக்கு முன்னால் ஸ்கேல் குறுக்கே கிடந்தது. திரும்ப எழுது என்கிற பொத்தானை அழுத்த வேண்டும். அவள் ஸ்கேலைத் தூக்கினாள்.

அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

தோள் காதுவரை ஏறியது. இடது கை கன்னத்தைப் பொத்தியது. மூச்சை அடக்கி, தலையைச் சாய்த்து, அப்படியே இருந்தார்.

ஒன்றுகூடப் பிசகவில்லை. அவளும் அப்படித்தான் செய்வாள்.

அவரை அடித்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அடிக்க மாட்டனுங்கப்பா" என்றாள் அவள். "மறுக்கா எழுதுங்க."

அவர் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். முதல் கேள்வி வந்தது.

ஸ்கேலைக் கீழே வைக்கவில்லை.