இன்னும் ரெண்டு கிளிக்

முதல் ஸ்பீட் பிரேக்கர் வந்தபோது மாமாவின் முகத்தை ஸ்பேனர் பார்க்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கார் ஏறி இறங்கியது.

"கல்லு மாதிரி இருக்குடா மாப்ள," என்றார் மாமா, ஸ்டியரிங்கைக் கவ்வியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தியபடி. "ரேஸ் ட்ராக்ல ஓடுற வண்டின்னா இப்படித்தான் இருக்கணும்."

ஸ்பேனர் தலையை ஆட்டினான். பொய்யை வாயால் சொல்வதைவிடத் தலையால் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

ஸ்பேனர் என்று அவனுக்குப் பெயர் வைத்ததே மாமாதான். அக்காவின் கல்யாணத்தன்று பட்டறையிலிருந்து நேராக ஓடிவந்து போட்டோவுக்கு நின்றவனின் சட்டைப்பையில் ஒரு ஸ்பேனர் நீட்டிக்கொண்டிருந்தது. "உங்க அக்காவை என்கிட்ட மாட்டிவிட வந்தியா, கழட்டிட்டுப் போக வந்தியா?" என்று மாமா கேட்டதில் மேடையே குலுங்கிச் சிரித்தது. சொந்தப் பெயர் அன்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு மாமாவின் வண்டிகளை அவனைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

இந்த ஸ்போர்ட்ஸ் காருக்கான புது சஸ்பென்ஷனை, உடம்பு நன்றாக இருந்த நாளிலேயே மாமா தேடிப்பிடித்து ஆர்டர் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு ஷாக் அப்சார்பரின் தலையிலும் ஒரு சின்னக் குமிழ். வலப்பக்கம் திருகினால் இறுகும், இடப்பக்கம் திருகினால் தளரும். திருகத் திருக 'கிளிக்' என்று சத்தம் கேட்கும். மற்ற நாளெல்லாம் தளர்த்திக்கொண்டு ஆபீஸுக்குப் போகலாம். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இறுக்கிக்கொண்டு ட்ராக்கில் பறக்கலாம். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றியே பேசினார். அவர் வருவதைப் பார்த்ததும் நண்பர்கள் தெருமாறிப் போகிற அளவுக்குப் பேசினார்.

சாமான் வந்துசேர்வதற்குள் நோய் அவருடைய முதுகெலும்புக்கு வந்துசேர்ந்துவிட்டது.

அப்போதும் ஆர்டரை ரத்து செய்யலாம் என்று ஒருவரும் வாய்திறக்கவில்லை. அடுத்த மாதம் ட்ராக்கில் இறங்கப்போவதாக மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அவருடைய ஹெல்மெட்டைத் துடைத்து வைத்தாள்.

நேற்று அக்கா பட்டறைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. ஷட்டரைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"எவ்வளவு மெத்துன்னு வைக்க முடியுமோ அவ்வளவு மெத்துன்னு வச்சிருடா தம்பி. குழியில இறங்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கிறாரு. ஆனா அவரு கேட்டா டைட்டா வச்சிருக்கேன்னே சொல்லு. அவருக்காகத் தளர்த்திட்டோம்னு தெரிஞ்சா மனசு விட்டுப்போயிரும்."

அவள் போனதும் ஸ்பேனர், வண்டியில் மாட்டி முடித்திருந்த நான்கு குமிழ்களையும் இடப்பக்கமாகத் திருகினான். சத்தம் நின்று, இனி நகரமாட்டேன் என்று குமிழ் அடம்பிடிக்கும்வரை திருகினான். அதற்கு மேல் இளக அந்த இரும்பில் ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டாவது ஸ்பீட் பிரேக்கரை மாமா நடை வேகத்தில் கடந்தார். மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. கொஞ்ச தூரம் போய், பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் நிழலில் காரை ஒதுக்கி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார்.

புறங்கையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, ஒண்ணு சொன்னா உங்க அக்காகிட்ட சொல்லமாட்டியே?"

"சொல்லமாட்டேன் மாமா."

"முன்னாடி ரெண்டையும் இன்னும் ரெண்டு கிளிக் லூஸ் பண்ணிவிடு. வீட்டுல கேட்டா டைட்டாத்தான் இருக்குன்னு சொல்லிரு. எனக்கு வலிக்குதுன்னு தெரிஞ்சா அவ தூங்கமாட்டா."

ஸ்பேனர் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். அது மாமாவை அவன் கண்ணிலிருந்தும் அவனை மாமாவின் கண்ணிலிருந்தும் மறைத்தது.

குமிழின் மேல் விரலை வைத்தான். இடப்பக்கம் நூலளவுகூட நகரவில்லை. நகராது என்று அவனுக்குத் தெரியும்.

ஆனால் உள்ளே மாமா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன குறை என்று சொல்கிற மனிதர்.

ஸ்பேனர் பலமாக இருமினான். சத்தத்தை அந்த இருமலுக்குள் ஒளித்து, குமிழை வலப்பக்கம் இரண்டு கிளிக் இறுக்கினான்.

பிறகு தெருவே அமைதியாகும்வரை காத்திருந்து, இடப்பக்கம் திருகினான்.

கிளிக்.

கிளிக்.

மறுபக்கம் போனான். அங்கேயும் இருமினான். இந்தத் தடவை இருமல் நிற்பதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. சட்டைக் கையில் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மறுபடியும் திருகினான்.

கிளிக். கிளிக்.

பானெட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"ஆச்சு மாமா."

கார் கிளம்பியது. வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் முனையில் இன்னொரு ஸ்பீட் பிரேக்கர். இந்த முறை ஸ்பேனர் மாமாவின் முகத்தையே பார்த்தான்.

ஏறும்போது அவருடைய கண்கள் இறுக மூடிக்கொண்டன. இறங்கி வெகுதூரம் போன பிறகுதான் மூச்சு திரும்பியது.

"பாத்தியா," என்றார் மாமா. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டார். "ரெண்டே கிளிக்தான். எவ்வளவு வித்தியாசம்!"