மாடி வீட்டு ரசிகை

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்ட முடியுமா சார்?"

வாசலில் நின்ற மாடி வீட்டுக்காரர் கேட்டதும் குமாஸ்தாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பொழுதுபோக்காக டிரம்பெட்டைக் கையில் எடுத்த நாளிலிருந்து, சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் ஆட்கள் வந்திருக்கிறார்கள். எதிர்வீட்டு வாத்தியார், "எருமை எப்ப சார் கன்னு போடும்?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார். கீழ்வீட்டுத் தையல்காரர் விசாரிக்கக்கூட இல்லை. நேரே போலீசுக்குப் போய்விட்டார். இன்னொரு புகார் வந்தால் டிரம்பெட் காயலான் கடைக்கு என்று மனைவி தீர்ப்பு சொல்லியிருந்தாள். அதனால்தான் அதன் வாயில் பழைய துண்டைத் திணித்து, தும்மலை அடக்குகிறவர் மாதிரி ஊதிக்கொண்டிருந்தார்.

"கூட்டறதா?"

"ஆமா சார். முதல்ல அந்தத் துணியை எடுங்க. என் வீட்டுக்காரிக்குச் சங்கீதம்னா உயிர். நான் போன்ல ஒரு ரிங் விடறேன், உடனே ஆரம்பிச்சுடுங்க. சும்மா வேண்டாம், மாசாமாசம் என்னால முடிஞ்சது." ஒரு உறையைக் குமாஸ்தாவின் சட்டைப்பையில் செருகினார். "மத்தவங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க. குடியிருப்புச் சங்கச் செயலாளர் நான்தானே? எவன் வாயைத் திறக்கறான்னு பார்க்கறேன்."

குமாஸ்தாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனைவிக்கு மட்டும் சந்தேகம்.

"ஊதறதுக்குக் காசா? ஊதாம இருக்கறதுக்குக் கொடுத்தார்னு சொல்லுங்க, நம்பறேன்."

ஆனால் அந்த உறையிலிருந்து பால்காரருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் போனபிறகு, அவளே துண்டை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். காயலான் கடைப் பேச்சு ஓய்ந்தது.

ரிங் வரும். குமாஸ்தா எழுந்து நின்று, கன்னம் இரண்டும் பூரிக்க ஊதுவார். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோதான் அவர் அதைக் கவனித்தார். மேலே, கூரையில், டொம். டொம். டொம்டொம்.

"கேட்டியா? அந்தம்மா தாளம் போடறாங்க!"

"ஏதோ சாமானை நகர்த்தற மாதிரி இருக்குங்க."

"உனக்கென்ன தெரியும்? அது காலால போடற தாளம். ரசனை இருக்கு. ஞானம்தான் கொஞ்சம் கம்மி. பாதியில ஓடறாங்க, அப்புறம் நின்னுடறாங்க."

அந்தம்மாவை வழிக்குக் கொண்டுவர அவர் படாத பாடுபட்டார். தாளம் தடுமாறும்போதெல்லாம் பாட்டை இன்னும் ஓங்கிப் பிடித்தார். கற்றுத்தரும் சிரமத்துக்கு மாடி வீட்டுக்காரர் அடுத்த மாத உறையைக் கொஞ்சம் தடிப்பாக்கினார்.

ஒருநாள் மாடிப்படியில் அந்தம்மாவே எதிரில் வந்தாள். கையில் வாளி. கொளுத்துகிற வெயிலில் முழுக்கை ரவிக்கை. மேல்படியில் அவள் வீட்டுக்காரர் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"உங்க தாளம் கேட்டுதும்மா," என்றார் குமாஸ்தா.

அவள் சட்டென்று நின்றாள். "கேட்டுதா?"

"பின்னே? ஒண்ணுவிடாம கேட்குது. கூச்சப்படாதீங்க, இன்னும் பலமா போடுங்க!"

அவள் கண் நிறைந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வாளியை மாற்றுக் கைக்கு மாற்றிக்கொண்டு மேலே போனாள். வாழ்நாளில் முதல்தடவையாகத் தன் இசைக்கு ஒருத்தர் கண் கலங்கியதை வீட்டில் சொல்லாமல் இருக்கக் குமாஸ்தாவால் முடியவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பே இல்லை.

"ஊரான் பொண்டாட்டி அழுதாளாம், இவருக்குப் பெருமையாம்," என்று தட்டை நங்கென்று வைத்தாள் மனைவி. "அவ தட்டறதும் இவர் ஊதறதும், நல்லா இருக்குடாப்பா குடும்பம்!"

நேற்று சாயங்காலம் போன் வெறும் ரிங்கோடு நிற்கவில்லை. மாடி வீட்டுக்காரரே பேசினார். மூச்சு வாங்கியது. "இன்னைக்கு விடாம ஊதுங்க சார். நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க."

முழுக் கச்சேரி! குமாஸ்தா நரம்பு புடைக்க ஊதினார். மேலே தாளமும் என்றைக்கும் இல்லாத வேகத்தில் வந்தது. அப்புறம் தளர்ந்தது. ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று. உச்சகட்டம் வருவதற்குள் ஒரேயடியாக நின்றுபோனது. ரசிகை பாதிக் கச்சேரியில் எழுந்து போய்விட்டாளே என்று குமாஸ்தாவுக்கு மனசு சுருக்கென்றது.

இன்று காலையில் கதவைத் திறந்தால் போலீஸ்காரர். குமாஸ்தா டிரம்பெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"யார் சார் புகார் கொடுத்தது? அந்தத் தையல்காரர்தானே?"

"யாருமே கொடுக்கலை. அதுதான் எனக்கும் புரியலை."

"அப்ப இதை எடுத்துட்டுப் போயிட மாட்டீங்களே?"

போலீஸ்காரர் டிரம்பெட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"மேல் வீட்டம்மாவை அவங்க புருஷனே வாயில துணியை அடைச்சு, நாற்காலியில கட்டிப்போட்டு அடிச்சிருக்கான். நேத்து மட்டுமில்ல, மாசக்கணக்கா. உயிர் போறவரைக்கும் குதிகாலால தரையை உதைச்சிருக்காங்க. ரெண்டு குதிகாலும் கிழிஞ்சு கிடக்கு. அந்தத் தரைக்கு நேர் கீழே உங்க வீடு. ஒண்ணுமே கேட்கலையா?"

"கேட்டுது சார்," என்றார் குமாஸ்தா. "தாளம் தப்புதேன்னு... நான்தான் சத்தத்தைக் கூட்டினேன்."