வாசல் பக்கத்துப் பானை

குளத்துக் காவல் பதவிக்கு ஆமையும் நரியும் போட்டியிட்டன. இருவரில் பிடித்தவர் பானையில் கூழாங்கல் போட்டு ஓட்டளிக்க வேண்டும். போன தடவை பாதி விலங்குகள் வரவே இல்லை. அதனால், ஓட்டுப் போடாதவருக்குக் குளத்தில் தண்ணீர் கிடையாது என்று இந்த முறை சட்டம் வந்தது.

குளத்தைத் தூர்வாருவேன் என்று ஆமை காடெல்லாம் பேசியது. நரி பேசவில்லை. தன் பானையை ஓட்டுச் சாவடி வாசலை ஒட்டி வைத்தது; ஆமையின் பானை உள்ளே தள்ளி இருந்தது.

ஒருவர் விடாமல் வந்தார்கள். எருமை வாசலிலேயே கல்லைப் போட்டுவிட்டுத் திரும்பியது.

“யாருக்குப் போட்டீங்க அண்ணே?” என்று முயல் கேட்டது.

“யாருக்கோ. தாகமா இருக்கு, வழியை விடு.”

நரி ஜெயித்தது.

அடுத்த தேர்தலில் ஆமை தூர்வாருவதைப் பற்றி மூச்சே விடவில்லை. நான்கு நாள் முன்னதாகவே கிளம்பி வந்து, வாசலில் பானையை வைத்து, பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.