ஏழாம் நம்பர் பூட்டு

“எல்லாரும் வந்தாச்சுங்களா? அப்ப எழுதிக்கறேன்” என்று சபைச் செயலர் மாதப்பன் நோட்டைத் திறந்தார்.

வந்தவர்களை வரிசைப்படி எழுதாமல் அவருக்குக் கூட்டம் தொடங்காது. போதகர், மேசைக்குப் பின்னால். தமிழரசன், அவருக்கு வலப்பக்க நாற்காலி. அவன் தாய் கெம்பம்மா, மகனை ஒட்டிய பெஞ்சு. சரசம்மா, கதவோரம், தரையில்.

“மேல குந்துங்கம்மா” என்றார் போதகர்.

“பரவால்லீங்க ஐயா. நாலு வருஷமா ஓரம்தான் பழக்கம்.”

அந்தச் சபையில் மனத்தாங்கலோடு யாரும் திருவிருந்துக்குப் போகக் கூடாது. சமாதானம் ஆகும்வரை கடைசி வரிசைதான். கெம்பம்மா அதன் இடது கோடியிலும் சரசம்மா வலது கோடியிலும் உட்கார்ந்திருக்க, நாலு வருஷமாக அப்பமும் திராட்சரசமும் அவர்களுக்கு முன்வரிசையோடு நின்றுபோயின.

கெம்பம்மாவின் இளைய மகன் பாலாஜி, ஓசூரில் ஒரு கம்பெனியில் பிட்டர். பழுது பார்க்கப் பிரஸ் மெஷினுக்குள் இறங்குகிறவர், வேறு யாரும் ஓட்டிவிடாதபடி மெயின் சுவிட்சில் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பாலாஜி அப்படித்தான் இறங்கினான். ஏழாம் நம்பர் பூட்டு. சரசம்மாவின் மகன் சுரேந்தர் வந்து மெஷினை ஓட்டினான். பாலாஜியைப் பிணமாக வெளியே எடுத்தபோது சாவி அவன் பையில் இருந்தது. திறந்த பூட்டு தரையில் கிடந்தது.

சுரேந்தர்தான் பூட்டைக் கம்பி விட்டுத் திறந்திருக்கிறான் என்றது கோர்ட். நான் வந்தபோது சுவிட்சில் பூட்டே இல்லை என்றான் சுரேந்தர். யாரும் நம்பவில்லை. இப்போது சேலம் ஜெயிலில் இருக்கிறான்.

“தமிழரசன் தானா வந்து மன்னிக்கறேன்னு சொல்றாரு” என்றார் போதகர். “அதே கம்பெனியில சூப்பர்வைசர். கூடப் பொறந்தவனைப் பறிகொடுத்தவரு. பெரிய வெள்ளிக்கு முன்னால இதைவிட என்ன சாட்சி வேணும்?”

“இவன் மன்னிப்பான். பெத்தவ நான் மன்னிக்கணுமில்ல?” என்றாள் கெம்பம்மா.

“எத்தன நாளைக்கிம்மா இதையே சொமக்கறது? தம்பி திரும்பி வரப்போறானா?” தமிழரசனின் குரல் உடைந்தது.

கெம்பம்மா அவன் முதுகைத் தடவினாள். “அவன் போனதிலிருந்து இவன் நேராச் சோறு துன்னதில்லீங்க ஐயா. இவனுக்காகச் சரிங்கறேன்.”

மாதப்பன் எழுதி முடித்துப் படித்தார்: “அன்புள்ள சுரேந்தருக்கு, உன் கையால் நடந்ததை நாங்கள் மனதார மன்னித்தோம். நீயும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அப்பீலை வாபஸ் வாங்கி, கர்த்தருக்குள் சமாதானமாவாய்.”

“அப்பீலை என்னாத்துக்கு விடணும்?” என்றாள் சரசம்மா.

“கேஸ் நடந்துக்கிட்டே இருந்தா சமாதானம் எங்கிருந்து வரும் சின்னம்மா?” என்றான் தமிழரசன்.

“புது வக்கீலு, கம்பெனியில சாவிக் கணக்கைக் கேக்கணுங்கறாரு.”

“ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதான். கோர்ட்ல சத்தியம் பண்ணிச் சொன்னேனே” என்றான் தமிழரசன்.

“அப்பீல் முடியறதுக்குள்ள தண்டனையே முடிஞ்சிடும்மா” என்றார் போதகர்.

“வெளிய வர்றதுக்கா அவன் மல்லுக்கட்றான்? கொலகாரன்ற பேரு போவணும்னுதாங்க.”

“தப்பை ஒத்துக்காதவனுக்கு மன்னிப்பு எப்படிப் போய்ச் சேரும், சொல்லுங்க.”

சரசம்மா சுவரைப் பார்த்தாள். “செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கறது எங்க வீட்டு ராசி போல.”

மாதப்பன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

“இந்த வெள்ளிக்கெழமையாவது நான் அப்பம் வாங்கலாமாங்க ஐயா?” என்றாள் சரசம்மா.

“முதல் வரிசையில உக்காந்து வாங்கலாம்.”

அவள் கடிதத்துக்குக் கையை நீட்டினாள். “நான் கையெழுத்துப் போட்டா அவன் தட்ட மாட்டான். குடுங்க.”

கெம்பம்மா பெஞ்சிலிருந்து இறங்கி அவளருகே போய் உட்கார்ந்தாள். “அழாத சரசு” என்றவள்தான் முதலில் அழுதாள். மாதப்பன் பழைய வரியை அடித்துவிட்டு, ‘கெம்பம்மா, சரசம்மா, இருவரும் தரையில்’ என்று திருத்தி எழுதினார்.

“உங்களை மாதிரி மனசு எனக்கே கெடையாதுங்க தமிழரசன்” என்றார் போதகர்.

“பெரிய வார்த்தை ஐயா. குடுங்க, நானே ஒட்டிப் போட்டுடறேன்.”

உறையின் ஓரத்தை விரலால் இரண்டு முறை அழுத்தி ஒட்டினான். உத்தனப்பள்ளி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தபால் பெட்டிக்குத் தனியாக நடந்து போனான். கடிதத்தை உள்ளே தள்ளி, அது அடியில் விழும் சத்தம் கேட்கும்வரை நின்றான்.

பிறகு, சரக்கு ஏற்றும் லாரிக்கு நேரமாகிறதே என்று, தம்பி டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்து அன்றைக்குத் தானே பூட்டைத் திறந்த அந்த இரண்டாவது ஏழாம் நம்பர் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சாக்கடையில் போட்டான்.