உயர்த்திய கை

"சார், அவங்க இன்னும் முடிக்கலை. குறுக்கே பேசாதீங்க," என்றார் அமர்வுத் தலைவர். பாதி எழுந்த மூத்த பேராசிரியர் கப்சிப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சொல்லுங்க மேடம். அவசரமே இல்லை."

மண் ஆய்வாளரான அவள் பேச்சைத் தொடர்ந்தாள். கடைசி வரிசையில் தயங்கித் தயங்கி உயர்த்திய கையைக்கூடக் கவனித்துக் கூப்பிடுகிற மனுஷன்! அவள் மண்புழுக்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வருஷம் பூரா இந்தப் பயிலரங்குக்காக அவள் ஏங்கிக் கிடந்ததே இந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான்.

தேநீர் இடைவேளையில் பக்கத்து இருக்கை ஆய்வு மாணவி கிசுகிசுத்தாள். "இப்படி ஒருத்தர் கூடவே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும், இல்ல மேடம்?"

"இருக்கும்மா," என்று அவள் பெருமூச்சு விட்டாள். கண் மட்டும் அவரை விட்டு அகலவில்லை.

மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு, கார்கள் நிற்கும் இடத்தில் அவள் அவருக்காகக் காத்திருந்தாள். அவர் வந்து கதவைத் திறக்க, முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் சொன்ன மண்புழு விஷயத்துல இன்னொண்ணு..."

"ஆரம்பிச்சிட்டியா? காலையிலேர்ந்து பேச்சுக் கேட்டே காது புளிச்சுப்போச்சு. உங்கம்மா வீட்டுல நம்ம பையன் காத்துட்டிருப்பான். ராத்திரிக்கு என்ன சமைக்கப்போறே?"

"அதில்லைங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"எல்லாம் எனக்குத் தெரியும்."

சிக்னலில் வண்டி நின்றபோது, அவள் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, கை வலிக்குதா?"