திட்டுகிற இங்கிலீஷ்

"குட் மார்னிங், ஹவ் ஆர் யூ எல்லாம் எனக்கு வேணாம் டீச்சர். கோவமா பேசற இங்கிலீஷ் மட்டும் சொல்லிக் குடுங்க."

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் ராதிகா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்ற இருசம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிறவள். எட்டாவது வரை படித்தவள். வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்திருந்தாள்.

"யாரைத் திட்டணும்க்கா?"

"அதெல்லாம் கேக்காதீங்க. சொல்லிக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

ராதிகாவுக்கு ஊகிக்கச் சிரமமாக இல்லை. விடுதி கட்ட நிலம் கேட்டு வெளியூர்க்காரர்கள் மலையில் காரில் சுற்றுவதாக அவளும் கேள்விப்பட்டிருந்தாள். எவனோ ஒருவன் இங்கிலீஷில் பேசி இவளை ஏமாற்றியிருக்கிறான். நினைத்ததுமே அவளுக்குச் சுருக்கென்றது. படிப்பு முடித்து சென்னைக்கு வேலை கேட்டுப் போனபோது, அவளுடைய இங்கிலீஷைக் கேட்டு நாலு பேர் அவள் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். திருப்பிச் சொல்ல அன்று அவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அந்த ஆத்திரத்தில் படித்ததுதான் அவளுடைய இங்கிலீஷ் முழுவதும்.

"உக்காருங்கக்கா. அந்தாளு வாயே தொறக்க முடியாதபடி பண்ணிடலாம்."

இருசம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "'உனக்கு எப்பிடி மனசு வந்துச்சு?' இதுக்கு இன்னா?"

"ஹவ் குட் யூ டூ திஸ்?"

"'நீ மட்டும் நிம்மதியா இருந்துட்டியே'ன்னு கேக்கறதுக்கு?"

ராதிகா அதையும் சொன்னாள்.

"'உன்னை மன்னிக்கவே மாட்டேன்'?"

"ஐ வில் நெவர் ஃபர்கிவ் யூ."

"இப்பிடி நிறுத்தி நிறுத்திச் சொல்லாதீங்க. கோவம் வந்தா யாரு மெதுவா பேசுவாங்க? வேகமா, கத்திச் சொல்லுங்க."

ராதிகா கத்தினாள். கீழே செல்போன் கடை வைத்திருக்கும் பக்கீர் முகமது பதறிப்போய்ப் படியேறி வந்தார்.

"இன்னாம்மா சண்டை?"

"சண்டை இல்ல பாய். பாடம்."

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பொங்கல் கழிந்து ஆரம்பித்த வகுப்பு ஆடி பிறந்தும் நிற்கவில்லை. இருசம்மாள் மழையிலும் வந்தாள். வருகிற வழியெல்லாம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, இங்கிலீஷ் படங்களில் வரும் சண்டைகளையே போனில் கேட்டாள். புரியாத இடத்தை ராதிகாவிடம் போட்டுக்காட்டி அர்த்தம் கேட்டாள்.

"நடுவுல ஒரு 'ப்ளீஸ்' சேத்துக்கலாமாக்கா? மரியாதையா இருக்கும்" என்றாள் ராதிகா ஒருநாள்.

"கோவத்துல எங்கனா மரியாதை வருமா?" என்று சீறினாள் இருசம்மாள்.

ஒரே ஒரு தொல்லை. கேட்பதெல்லாம் அவளுக்கு ஏறியது. வாயைத் திறந்து பேசச் சொன்னால் மட்டும் மாட்டாள். "நீங்க திட்டுங்க டீச்சர், நான் கேக்கறேன்" என்பாள். அன்றைக்கும் அதையே சொன்னாள். ராதிகாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இத்தினி மாசமா நான்தான் கத்திக்கினு கெடக்கறேன்! தொண்டையே போச்சு. திட்டணும்னு வந்தவங்க வாயத் தொறக்க வேணாமா? அந்தாளு எதிர்லயும் இப்பிடித்தான் ஊமை மாதிரி நிப்பீங்களா?"

இருசம்மாளுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"இன்னிக்குதான் கடைசி டீச்சர். நாளைக்கு நேர்ல பாக்கப் போறேன். உங்களுக்கு யார் மேலயாவது ரொம்ப நாள் கோவம் இருந்தா, அவங்களை நெனச்சிக்கினு என்னைத் திட்டுங்க. நிறுத்தாதீங்க. எனக்காகப் பாவம் பாக்காதீங்க."

சென்னையில் சிரித்த அந்த முகங்கள் ராதிகாவின் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஆரம்பித்தாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் இங்கிலீஷில் கொட்டியது. மேஜையை அறைந்தாள். விரலை நீட்டிக் கேட்டாள். குரல் உடைந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. இருசம்மாள் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

ராதிகா மூச்சு வாங்க உட்கார்ந்ததும், இருசம்மாள் மெல்லச் சொன்னாள்.

"'நீ பண்ணதுக்கு நான் எத்தினி நாள் அழுதேன் தெரியுமா? நான் எதுக்குமே லாயக்கு இல்லியோன்னு நெனச்சி நெனச்சி செத்தேன். உனக்கு ஞாபகமாவது இருக்கா? ராத்திரில தூக்கம் வந்துச்சா உனக்கு?' இதான சொன்னீங்க?"

ராதிகா துள்ளி எழுந்தாள். அவ்வளவு வேகத்தில் சொன்னதில் ஒன்றுகூடத் தவறவில்லை.

"எல்லாமே புரிஞ்சிருக்கு! அப்புறம் இன்னாக்கா பயம்? நாளைக்கு அந்தாளைப் பாத்ததும் இதையே திருப்பிக் குடுங்க. ஒரு வார்த்தை விடாதீங்க. வேணும்னா நானும் கூட வரேன்."

இருசம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"திட்டப் போறது நான் இல்ல டீச்சர். கைக்கொழந்தையா நான் தத்துக் குடுத்த பொண்ணு டென்மார்க்குலேருந்து என்னைப் பாக்க வருது. தமிழ் தெரியாது அதுக்கு, இங்கிலீஷ்லதான் பேசும். கூட வர்றவரு அதைத் தமிழ்ல எடுத்துச் சொல்றப்போ, நான் அழுவேன்னு பாதிய முழுங்கிடுவாரு. அது திட்டறது எனக்கு முழுசா வந்து சேரணும்."