நெற்றியோடு நின்ற படம்

கம்ப்யூட்டர் ரிப்பேருக்காக மூன்றாவது தடவையாக அந்த வீட்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

முதல் தடவை எலி கடித்த ஒயரை மாற்றினேன். இரண்டாவது தடவை, போன் லைன் வழியாக இன்டர்நெட்டை இணைக்கிற மோடத்தையே மாற்றினேன். எனக்குத் தெரியாத மோடம் கோளாறே கிடையாது என்று ஜம்பமாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

"தம்பி, இன்னைக்காவது முகம் தெரிஞ்சிடுமா?" என்றார் அந்த வீட்டு அம்மா.

பிறந்து பத்தே நாளான பேத்தியின் படத்தை மகள் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். அது மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். நெற்றி வரும்போது இணைப்பு அறுந்துவிடும்.

வீட்டுக்காரருக்குத் தெரியாமல்தான் எல்லாம். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து, மூன்று வருஷமாக அவர் அவள் பெயரை எடுப்பதில்லை. எடுக்க விடுவதுமில்லை. அவர் ஆபீஸ் கிளம்பிய பிறகுதான் எனக்கு அழைப்பு வரும்.

டயல் செய்தேன். மோடம் கீச்சென்று கத்தி, கரகரத்து, அடங்கியது.

முடி வந்தது. கருகருவென்று அவ்வளவு முடி. அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நெற்றி பாதி வந்தது.

அறுந்தது.

அடுத்த நொடி போன் அடித்தது.

"ராங் நம்பர் தம்பி. நாலு நாளா இப்படித்தான். எடுத்தா வச்சிடுறாங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது வேறு அழைப்பு வந்தால் பீப் என்று தெரிவிக்கிற வசதி அந்த லைனில் இருந்தது. மனிதருக்கு அது வசதி, மோடத்துக்கு யமன். அந்தச் சத்தத்தில் இணைப்பு செத்துப்போகும். டயல் செய்யும் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் குறியீட்டைச் சேர்த்தால் தீர்கிற விஷயம். இதைக்கூடப் பார்க்காமல் புது மோடம் மாட்டியிருக்கிறேன்.

விடாமல் அடிக்கும் போனைக் காட்டி, இதுதான் வினை என்றேன். அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! பாய்ந்து ரிசீவரை எடுத்தார்.

"யாருய்யா நீ? என் பேத்தி முகத்தைப் பாக்க விடாம தினமும்..."

இந்தத் தடவை அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. தொண்டையைச் செருமும் சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"முதல் நாளே, நீ குளிக்கப் போனப்ப ஸ்கிரீனைப் போட்டுப் பாத்துட்டேன். நெத்தியோட நின்னிருந்துச்சு. கேக்கலாம்னுதான் தினமும் அடிக்கிறேன், வாய் வரல. கண்ணு வந்துடுச்சா?"

வீட்டுக்காரர்.

அந்த அம்மா நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களே இப்படி அடிச்சுக்கிட்டே இருந்தா எப்படிங்க வரும்?"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"கிளம்பி வாங்க. சேர்ந்தே பாக்கலாம்."

மறுபடி டயல் செய்யப்போன நான், மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.